‘ரொமான்டிக் இல்லாதவர்’ என்றொரு குற்றச்சாட்டு

எமது குடும்பங்களிலே இப்போது அடிக்கடி செவியில் விழும் வசனம் ஒன்று உண்டு. “அவர் நல்ல மனுசன்தான், ஆனால் ரொமான்டிக் இல்லை.” மனைவி தன் தோழியிடம் இதனைச் சொல்கிறாள். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் தம் தந்தையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞனும், பார்க்கப்பட்ட பெண்ணும் ஒருவரைப் பற்றி மற்றவர் இவ்வாறு சொல்லி, அந்தச் சம்பந்தம் நின்றுபோவதும் உண்டு. இன்னும் சிலர் தம்மைப் பற்றியே, “எனக்கு உந்த ரொமான்ஸ் எல்லாம் சரிவராது” என்று சிறிது பெருமையோடும் கூறிக்கொள்வர்.

கேட்பதற்குச் சாதாரணமான சொல்தான். ஆயினும் ஒருவருடைய முப்பது, நாற்பது ஆண்டுக்கால இல்லறத்தை ஒரே சொல்லில் எடைபோட்டு ஒதுக்கிவிடும் வல்லமை அதற்கு இருக்கிறது. எனவே அது எங்கிருந்து வந்தது, எதனைச் சுட்டுகிறது, எம்மவர் வாயில் அது என்ன வேலை செய்கிறது என்று சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் தமிழில் இதற்கு நிகரான சொல் உண்டா என்று பார்ப்போம். ‘ரசனையற்றவர்’ என்பர் சிலர். ரசனை என்பது இசை, உணவு, உடை, நிலவு, நாடகம் என எல்லாவற்றையும் சுவைக்கும் ஆற்றல். நல்ல கர்நாடக இசையில் தோய்ந்து கண்ணீர் விடுகின்ற ஒருவர், மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுக்காதவராகவும் இருக்கலாம். அவரை ரசனையற்றவர் என்று எப்படிச் சொல்வது? ‘ஜடம்’ என்பது உயிரற்ற பொருளைக் குறிப்பது. ‘மரக்கட்டை’யும் அவ்வாறே. ‘சாமியார்’ என்றால் துறந்தவர். இந்த மனிதரோ எதனையும் துறந்தவர் அல்லர், பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்துக்காக மேலதிக நேரம் வேலை செய்துவிட்டு வருபவர். ‘வறண்ட மனுசன்’ என்பது ஓரளவு கிட்ட வருகிறது. எனினும் அதிலே உள்ளமே வறண்டது என்ற பொருள் தொனிக்கிறது. ஆகவே எம்மவர் வேறு வழியின்றி ஆங்கிலச் சொல்லையே எடுத்து, அதன் பின்னே ‘இல்லை’ என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு மொழியில் ஒரு குறையைச் சுட்டச் சொல் இல்லையென்றால், அந்தக் குறை அந்தச் சமூகத்தில் இருக்கவில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை என்றாவது நாம் ஊகிக்கலாம்.

இனி அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ரொமான்ஸ் என்ற சொல்லுக்கு ஆதியில் காதலோடு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. இலத்தீனிலிருந்து கிளைத்த மக்கள் மொழிகளை, அதாவது கற்றோரின் இலத்தீன் அல்லாத பேச்சு வழக்கை, பழைய பிரெஞ்சுக்காரர் அச்சொல்லால் குறித்தனர். பின்னர் அம்மொழியில் எழுந்த வீரக்கதைகளுக்கும் அதுவே பெயராயிற்று. பிரெஞ்சு மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் இன்றும் நாவலுக்கு ‘ரொமான்’ என்றே பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் புலவர் கிரெத்தியன் து துருவா, லான்சலொட் என்ற வீரனின் கதையைப் பாடினார். அவ்வீரன் காதலித்தது தன் மனைவியை அல்ல, தன் அரசனாகிய ஆர்தரின் மனைவியை. ரொமான்ஸ் என்ற இலக்கிய வகையின் புகழ்பெற்ற காதல்களுள் ஒன்று இவ்வாறு திருமணத்துக்கு வெளியே நிகழ்ந்தது என்பதை மனதிற் கொள்ளவேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் அதன் பெயரடையாகிய ‘ரொமான்டிக்’ ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தபோது, பழைய கதைகளில் வருவது போன்ற, நம்பத்தகாத, மிகைப்படுத்தப்பட்ட என்ற பொருள்களே அதற்கு இருந்தன. அக்காலத்தில் ஒருவரை ரொமான்டிக் இல்லாதவர் என்று சொல்லியிருந்தால், அவர் நிதானமான மனிதர் என்று பாராட்டியதாகவே கொள்ளப்பட்டிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் எழுந்த இலக்கிய இயக்கம் அச்சொல்லுக்கு மதிப்புத் தந்தது. வேட்ஸ்வேர்த்தும் கோல்றிட்ஜும் சேர்ந்து தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டது 1798 இல். அவ்வியக்கம் இயற்கையையும் தனிமனித உணர்ச்சியையும் கற்பனையையும் போற்றியது. இருபதாம் நூற்றாண்டிலே சினிமாவும் விளம்பரமும் வாழ்த்து அட்டையும் அச்சொல்லைக் கைப்பற்றி, மெழுகுதிரி வெளிச்சத்தில் இருவர் உண்பது என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டன.

எம்மிடையே இச்சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவான காலந்தொட்டு, எமது விமர்சன உலகில் யதார்த்தவாதமே உயர்ந்த அளவுகோலாக இருந்தது. பேராசிரியர்கள் க. கைலாசபதி (1933–1982), கா. சிவத்தம்பி (1932–2011) ஆகியோரின் செல்வாக்கில் வளர்ந்த தலைமுறைக்கு ‘மனோரதியப் பாங்கு’ என்ற தொடர் நன்கு பழக்கமானது. ஐரோப்பிய ரொமான்டிசிசத்துக்கு நாம் வழங்கிய பெயர் அது. ஒரு சிறுகதையில் மனோரதியப் பாங்கு மேலோங்கி நிற்கிறது என்று விமர்சகர் எழுதினால், அந்த எழுத்தாளர் தலைகுனிய வேண்டியதுதான். வாழ்க்கையின் முரண்பாடுகளைக் காணாது கனவிலே மிதக்கிறார் என்பது அதன் பொருள். கலைப்பீடத்து விரிவுரை மண்டபங்களில் நாம் படித்ததும் அதுவே. ரொமான்டிக் இல்லாமல் இருப்பது இலக்கியத்தில் ஒரு தகுதியாகவும், வீட்டிலே ஒரு குற்றமாகவும் ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் மாறியிருக்கிறது.

அப்படியானால் தமிழர் காதலைப் பேசாதவர்களா? இந்தக் கேள்விக்கு விடை காண வெகுதூரம் போகத் தேவையில்லை. திருக்குறளின் காமத்துப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து அதிகாரங்கள், 250 குறள்கள். பரிமேலழகரின் வகுப்பின்படி அவற்றுள் திருமணத்துக்கு முந்திய களவியலுக்கு ஏழு அதிகாரங்கள், அதற்குப் பிந்திய கற்பியலுக்குப் பதினெட்டு அதிகாரங்கள். எண்ணிப் பார்த்தால் களவுக்கு 70 குறள்களும் கற்புக்கு 180 குறள்களும் வருகின்றன. கணவன் மனைவியரின் பிரிவு, காத்திருப்பு, கனவு, ஏக்கம் எல்லாம் அந்தப் பதினெட்டு அதிகாரங்களுக்குள் வருகின்றன. இறுதி மூன்று அதிகாரங்களின் பொருள் ஊடல். வள்ளுவர் ஊடலை உணவுக்கு இடும் உப்போடு ஒப்பிடுகிறார். அளவோடு இருந்தால் சுவை, மிஞ்சினால் கேடு. உப்பும் உணவும் அன்றாடம் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுடைய உவமை. தன் அரசனின் மனைவியை எண்ணி உருகிய லான்சலொட்டுக்கு இந்த உவமை பயன்பட்டிராது.

‘ஊடல்’ என்ற சொல்லையே பாருங்கள். அன்புள்ள இருவர் ஒருவர்மீது ஒருவர் உரிமையோடு கொள்ளும் பொய்க்கோபத்துக்கு ஒரு தனிச்சொல்லையும், அதற்குள்ளே புலவி, துனி என்று படிகளையும் வகுத்து வைத்திருக்கிறது எமது மொழி. அகத்திணை மரபிலே பொருள் தேடிப் பிரியும் தலைவனுக்கும், வீட்டிலிருந்து நாள் எண்ணும் தலைவிக்கும் பாலைத்திணை முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இல்லறத்துக்குள் காதல் என்பது எமக்கு வெளியிலிருந்து வந்து கற்பிக்கப்படவேண்டிய பாடம் அன்று. அது வெளிப்படும் விதந்தான் வேறு.

அந்த விதத்தை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே காணலாம். அங்கே முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு. நீ, நீர், நீங்கள். பழைய குடும்பங்களிலே கணவன் மனைவியை ‘நீர்’ என்றே விளிப்பார். “சாப்பிட்டிட்டீரோ?”, “களைச்சுப் போனீர், கொஞ்சம் இரும்.” ‘நீ’யில் உள்ள அதிகாரமும் ‘நீங்கள்’ என்பதில் உள்ள தூரமும் இல்லாத இடை நிலை அது. மனைவியோ பெயர் சொல்லமாட்டாள். “இஞ்சருங்கோ” என்பாள். ‘இங்கே பாருங்கள்’ என்பதன் திரிபு. ஆயிரம் பேர் கூடிநிற்கும் கோயில் வீதியிலும் அந்த ஒரு சொல்லுக்கு உரியவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். இதிலே ஏற்றத்தாழ்வு இல்லையென்று நான் வாதிடவில்லை. அவர் ‘நீர்’ என்கையில் அவள் ‘நீங்கள்’ என்றே சொல்லவேண்டியிருந்தது. ஆயினும் அந்தக் குரல்களில் இருந்த நெருக்கத்தை, பூங்கொத்து இல்லை என்பதற்காக மறுத்துவிட முடியாது.

இத்தீவின் மற்ற மொழியிலும் ஒரு செய்தி இருக்கிறது. சிங்களத்தில் காதலுக்கு ‘ஆதரய’ என்று பெயர். கொழும்பு பஸ்களில் ஒலிக்கும் பாடல்களைக் கேட்டவர்கள் அனைவரும் அச்சொல்லை அறிவர். அது ‘ஆதர’ என்ற வடசொல்லின் வழிவந்தது. மதிப்பு, கவனிப்பு என்பன அதன் மூலப்பொருள். அதே வேரிலிருந்துதான் தமிழில் ‘ஆதரவு’ வந்தது. ஒரே வேர் அங்கே காதலாகவும் இங்கே தாங்கிப் பிடித்தலாகவும் தழைத்திருக்கிறது. எமது கிராமத்துப் பெண்கள், “அவர் நல்ல ஆதரவான மனுசன்” என்று கணவரைப் பற்றிச் சொன்னபோது, அதற்குமேல் புகழ்வதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தச் சொல்லைத்தான் இன்று ‘ரொமான்டிக் இல்லை’ என்ற சொல் ஓரங்கட்டுகிறது.

போர்க்காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த ‘ஆதரவு’ என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே உண்டோம். அந்த வெளிச்சத்தை ரொமான்டிக் என்று எவரும் எண்ணவில்லை, மண்ணெண்ணெய் விலையைத்தான் எண்ணினோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, மழையிலும் நெரிசலிலும் துவிச்சக்கரவண்டியின் பின்னிருக்கையில் மனைவியையும் முன்சட்டத்தில் பிள்ளையையும் இருத்தி இரவிரவாகத் தள்ளிச்சென்ற கணவன்மார் இருந்தார்கள். வயோதிபக் கணவரைக் கைத்தாங்கலாக நடத்திச்சென்ற மனைவிமாரும் இருந்தார்கள். மத்திய கிழக்கின் வெயிலிலும் ஐரோப்பிய உணவகங்களின் சமையலறைகளிலும் பல ஆண்டுகள் தனியே உழைத்து, மாதந்தோறும் பணம் அனுப்பிய மனிதர்கள் தம் கடிதங்களில் எழுதியது பெரும்பாலும் “நான் நலம், நீர் நலமா, கூரையைத் திருத்தினீரா” என்ற அளவில்தான் இருந்தது. பாலைத்திணையின் தலைவர்கள் இவர்கள். இவர்களுடைய பிள்ளைகள்தாம் இன்று, “அப்பா ரொமான்டிக் இல்லை” என்கிறார்கள்.

இது வெறும் குடும்பக் கேலியோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். இந்த அளவுகோலுக்கு அரச முத்திரையும் இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள வாழ்க்கைத் துணையிடம் செல்ல விண்ணப்பிக்கும் எம்மவர்கள் இதனை அனுபவத்தில் அறிவார்கள். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகள், உண்மையானதல்ல என்று கருதப்படும் திருமணத்தை ஏற்பதில்லை. பிரித்தானியாவும் உறவு உண்மையானதும் நீடித்திருப்பதுமாக இருக்கவேண்டும் என்கிறது. திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அல்ல என்று நிரூபிக்கும்படி தம்பதியரைக் கேட்ட விதியைப் பிரித்தானியா 1997 இல் நீக்கியது என்றாலும், உறவை மெய்ப்பிக்கும் சுமை இன்னமும் விண்ணப்பிப்பவரின் தோளிலேயே இருக்கிறது. போலித் திருமணங்கள் நடப்பதால் இத்தகைய சோதனை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோதனைக்கு எடுக்கப்படும் சான்றுகளைப் பாருங்கள். இருவரும் சேர்ந்திருக்கும் ஒளிப்படங்கள், பரிமாறிய கடிதங்கள், குறுஞ்செய்திகள், தொலைபேசிப் பதிவுகள்.

பேச்சுத் திருமணம் செய்து, ஒரு மாதம் கூடவிருந்து, பிரிந்துபோன எமது தம்பதியரின் ஒளிப்படங்களில் பெரும்பாலும் இருபது உறவினர் நிற்பார்கள். மணமக்கள் இருவரும் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய தொலைபேசி உரையாடலிலே மாமியாரின் மூட்டுவலியும் சீட்டுக்காசும் இடம்பெறும். இதைப் பார்க்கும் அந்நிய அதிகாரிக்கு இருவருக்கும் இடையே அன்பு இருப்பதாகவே தோன்றாமற் போகலாம். ஆகையால் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவர்கள், “கொஞ்சம் நெருங்கி நிண்டு படம் எடுங்கோ, நாலு வரி அன்பாய் எழுதி அனுப்புங்கோ” என்று புத்திமதி சொல்கிறார்கள். உண்மையான கணவன் மனைவியர் உண்மையாகத் தோன்றுவதற்காக நடிக்கப் பழகுகிறார்கள். போலிகளுக்கோ அந்த நடிப்பு வெகு சுலபம். அன்பையும் அன்பின் காட்சியையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் அபத்தத்துக்கு இதனைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, “பார்த்தீரா, நான் சொன்னேன்தானே” என்று மனைவியை நோக்கி மீசையை முறுக்கும் கணவன்மார் சிறிது பொறுக்கவேண்டும். வழக்கின் மறுபக்கம் இனித்தான் வருகிறது.

‘ரொமான்டிக் இல்லை’ என்ற சொல் ஆதரவான மனிதருக்குச் செய்யும் அநீதியைப் போலவே, ஆதரவில்லாத மனிதருக்குப் பெரும் சலுகையையும் செய்கிறது. நண்பர்களோடு இரவு பதினொரு மணிவரை சிரித்துக் கதைத்துவிட்டு வந்து, வீட்டிலே மூன்று சொற்களுக்கு மேற் பேசாதவர் இருக்கிறார். மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் தேநீர் எங்கே என்று கேட்பவர் இருக்கிறார். சந்தியிலே நின்று சினிமாப் பாடல் பாடக்கூடிய இவர், வீட்டு வாசலில் மட்டும், “எனக்கு உதெல்லாம் தெரியாது” என்கிறார். அவள் தாய்வீட்டுக்குச் சென்று குறை சொன்னால், “ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை, அடிக்கேல்லை, குடிக்கேல்லை, வேறென்ன வேணும்?” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவருக்கு ‘ரொமான்டிக் இல்லாதவர்’ என்ற பெயர் பொருந்தாது. புறக்கணிப்பவர் என்பதே பொருத்தமான பெயர். அதற்குத் தமிழிலே சொல் இருக்கிறது. ஆங்கிலச் சொல் அதனை மென்மையாக்கி, ஒரு சுபாவம் போலக் காட்டி, அவரைத் தப்பவைக்கிறது.

இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலைத் தாக்குவதை மட்டுமன்றி, கொடூரமானதும் இழிவுபடுத்துவதுமான நடத்தையைத் தொடர்ந்து கைக்கொள்ளும் உளரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகக் கொள்கிறது. பேசாதிருக்கும் கணவர் எல்லோரும் அச்சட்டத்துக்குள் அகப்படுவர் என்பது அன்று என் கருத்து. ஆனால் அடியும் குடியும் இல்லையென்றால் குறையே இல்லை என்ற எமது பழைய கணக்கு சட்டப் புத்தகத்திலேயே செல்லாக் காசாகிவிட்டது என்பதைச் சுட்டவே சொல்கிறேன்.

ஆதரவான மனிதருக்கும் ஒரு வார்த்தை. போர்க்காலத்திலும் புலம்பெயர்வின் முதல் ஆண்டுகளிலும் செயலே பேச்சாக இருந்தது. துவிச்சக்கரவண்டியைத் தள்ளியவர் வேறொன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இன்று பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே போய்விட்டார்கள். கூரை ஒழுகவில்லை. அறுபது வயதுத் தம்பதியர் இருவர் மட்டும் ஒரு வீட்டில், ஒருவர் தொலைக்காட்சி முன்பும் மற்றவர் கைத்தொலைபேசி முன்புமாக இருக்கிறார்கள். தள்ளிச்செல்ல வண்டி இல்லாதபோது, அதுவரை செயலில் இருந்த அன்பு எங்கே போய் உட்காரும்? அதற்குச் சிறிது சொல்லும் வேண்டும். அந்தச் சொல் பெப்ரவரி 14 ஆம் திகதிக்குரிய சிவப்பு அட்டையில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. “அண்டைக்கு நீர் இல்லாட்டில் நான் என்ன செய்திருப்பன்?” என்று ஒரு மாலையில் கேட்டாலே போதும். வள்ளுவர் பதினெட்டு அதிகாரம் எழுதிய விடயத்துக்கு நாம் ஒரு வசனமாவது செலவிடலாம்.

ஆகவே இச்சொல்லை அகராதியிலிருந்து அகற்றவேண்டும் என்று நான் கோரவில்லை. சொற்கள் எமது அனுமதி கேட்டு வருவதுமில்லை, போவதுமில்லை. அதைச் சொல்லுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுப்பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். நாம் குறிப்பிடும் அந்த மனிதர் கூச்சமுள்ளவரா, புறக்கணிப்பவரா? கூச்சமுள்ளவர் என்றால் ‘ஆதரவான மனுசன்’ என்ற பழைய பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வசனம் பேசிப் பழகச் சொல்லுங்கள். புறக்கணிப்பவர் என்றால் அதை அப்படியே, அவர் முகத்துக்கு நேரே, தமிழிலேயே சொல்லிவிடுங்கள்.